தலைவலிக்கு மொட்டை

செயலாளர்: மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிறகு பார்க்கலாம்மா. முதலில் இந்தக் கணினியைக் கவனி. தானாக அணைகிறது, தானாக எழுந்துகொள்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் உரிய நடவடிக்கைகள் அனைத்தும் எடுத்தாகிவிட்டது.

பட்டறை அக்கா: என்ன நடவடிக்கை சார்?

செயலாளர்: மூன்று முறை பார்மட் அடிக்கப்பட்டது.

அக்கா: மூணு தடவையா! எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?

செயலாளர்: புரியவில்லை.

அக்கா: தலைவலின்னு போனவனைப் புடிச்சு மொட்டை போட்டு அனுப்பியிருக்காங்க. வலி நிக்கலைன்னு திரும்பி வந்தா, முளைச்ச முடியையும் வழிச்சிருக்காங்க. அதான் கேட்டேன், பழனியா திருப்பதியான்னு.

செயலாளர்: கிண்டல் வேண்டாம். வந்த பையன் முறைப்படி ஹார்டுவேர் படித்தவன். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான்.

அக்கா: மூடியைக் கழட்டினானா?

செயலாளர்: எந்த மூடி?

அக்கா: சிபியு மூடி சார். இந்தா, வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டின மேனிக்கு அப்படியே இருக்கு. வாரண்டி முடிஞ்சே பல வருஷம் ஆயிருக்கும். ஒருத்தனும் திருப்புளி வைக்கலை.

செயலாளர்: திறக்க வேண்டிய அவசியம் எழவில்லை. உள்ளே இருப்பது வைரஸ். வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பார்க்க மூடியைத் திறப்பானேன்?

அக்கா: வைரஸ்னு எப்படி முடிவு பண்ணீங்க?

செயலாளர்: அவசரக் கூட்டத்தில். ஏகமனதாக.

அக்கா: கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு வந்திருந்துச்சா?

செயலாளர்: எனக்கு இதில் அனுபவம் உண்டும்மா. வேலையில் இருந்த காலத்தில் எங்கள் அலுவலகம் முழுக்க இதே கதைதான். திரையில் ஒரு கட்டம் வரும். அறுபதிலிருந்து கீழே எண்ணும். பூஜ்யம் வந்ததும் எல்லாம் அணைந்துபோகும். அன்றே சொன்னேன், வைரஸ் என்று.

அக்கா: சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அது 2003 ஆகஸ்ட். பிளாஸ்டர்னு ஒரு புழு. மறுவருஷம் சாசர்னு இன்னொண்ணு வந்து அதே வேலையைப் பண்ணுச்சு. ஆனா ரெண்டும் 60 வினாடி டைம் குடுத்துச்சு சார். 'எழுதினதை சேவ் பண்ணிக்கோ, நான் கெளம்பறேன்'னு சொல்லிட்டுத்தான் போச்சு. உங்க பெட்டி எண்ணுதா?

செயலாளர்: இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகிறது.

அக்கா: நீல ஸ்கிரீன்ல ஏதாச்சும் எழுத்து வருதா?

செயலாளர்: ஒன்றும் வருவதில்லை. நேராக வந்து 'வெல்கம்' என்று நிற்கிறது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா: அதுல ஒரு சங்கதி இருக்கு. விண்டோஸ்ல 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்'னு ஒரு டிக் இருக்கும். வர்றப்பவே போட்டுத்தான் வரும். உள்ள ஏதாவது பெருசா தப்பு நடந்தா, என்ன தப்புன்னு அது நீல ஸ்கிரீன்ல எழுதிக் காட்டும். நீங்க மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டறதுக்குள்ள, எழுதினதை மறைச்சுட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுரும்.

செயலாளர்: அருமையான ஏற்பாடாக இருக்கிறதே! பார்ப்பவர்கள் வீணாகப் பதற்றப்பட மாட்டார்கள்.

அக்கா: உங்களுக்குப் பிடிக்கும்னு தெரியும். நான் அந்த டிக்கை எடுத்துட்டேன்.

(செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. லிப்ட் நடுவழியில் நின்றபோது 'லிப்ட் நல்ல நிலையில் உள்ளது' என்று நான்கு மாடியிலும் நோட்டீஸ் ஒட்டியவர் அவர். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைப் படிக்க வழியில்லாமல் போனதுதான் அந்த நோட்டீஸின் ஒரே குறை.)

அக்கா: சரி, எப்ப அணையுது?

செயலாளர்: திடீரென்று.

அக்கா: திடீர்னுங்கறது மணி இல்ல சார். காலையிலயா, ராத்திரியா? என்ன பண்ணிக்கிட்டிருக்கறப்ப?

செயலாளர்: பெரும்பாலும் சந்தி வேளை. விளக்கு வைக்கிற நேரம். சங்கக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். அந்த நேரம் உறுத்தியதால்தான் ஜோசியரையும் கலந்து ஆலோசித்தோம். திரையைக் கிழக்கே பார்த்து வைக்கச் சொன்னார். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து சிபியு மேல் வைக்கச் சொன்னார்.

அக்கா: வெச்சீங்களா?

செயலாளர்: அதோ, அங்கேயே இருக்கிறது.

அக்கா: காத்துப் போற ஓட்டை மேலயே வெச்சிருக்கீங்களே சார்! சூடு வெளிய போறதுக்கு இருந்ததே அந்த ஒரு வழி.

செயலாளர்: அப்படியென்றால் சூடுதான் காரணமா? எலுமிச்சம்பழத்தால் வந்த வினையா?

அக்கா: அவசரப்பட்டுத் தீர்மானம் போட்டுராதீங்க. பிராசசர் 100 டிகிரிகிட்டத் தொட்டா, தன்னைக் காப்பாத்திக்கத் தானே அணைஞ்சுரும், உண்மைதான். ஆனா அதுக்கு பாரம் வேணும். பேரன் கேம் ஆடறப்பப் போச்சுன்னா சூடுன்னு சந்தேகப்படலாம். நீங்க கடிதம் அடிக்கிறப்பப் போகுது. 'மதிப்பிற்குரிய உறுப்பினர்களே'ன்னு டைப் அடிச்சு எந்த பிராசசரும் கொதிக்காது. எதுக்கும் திறந்து பாத்துருவோம்.

(திருப்புளி வேலை செய்தது. மூடி நகர்ந்ததும் உள்ளே ஹீட்சிங்க் தகடுகளே தெரியவில்லை. இடுக்கெல்லாம் சாம்பல் நிறத் தூசி அடைந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரே பட்டையாகக் கையோடு உரிந்து வந்தது. அக்கா அதைச் செயலாளரின் மேஜை மேல், சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளைத் துடைத்தார். ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். மதர்போர்டில் இருந்த கெபாசிட்டர்களின் உச்சியை ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார்.)

செயலாளர்: தடவிப் பார்த்தால் என்ன தெரியும்?

அக்கா: உச்சி உப்பியிருந்தா போச்சுன்னு அர்த்தம். 2000-க்கு அப்புறம் சில வருஷம் வந்த போர்டுல இது பெரிய வியாதி சார். உள்ள ஊத்தின திரவம் சரியில்லாம, கெபாசிட்டரெல்லாம் உப்பி, வெடிச்சு, பழுப்பா ஒழுகும். அது ஒழுகினாலும் பெட்டி இப்படித்தான் தானா எழுந்து எழுந்து உக்காரும். உங்களுது அத்தனையும் தட்டையா இருக்கு. போர்டு மேல குத்தம் சொல்ல முடியாது. முன்னாடி இருக்கற ரீசெட் பொத்தானும் அழுக்குல சிக்கிக்கிடக்கலை, அமுக்கினா திரும்பி வருது.

செயலாளர்: எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாய். பேசாமல் இன்னொரு முறை பார்மட்...

அக்கா: நாலாவது மொட்டையா? தலையில இனி என்ன சார் இருக்கு?

செயலாளர்: சுத்தமாக இருக்குமே என்றுதான்.

அக்கா: கம்ப்யூட்டர் தன் நோட்டுல எழுதி வெச்சதைப் படிப்போம், இருங்க. இது ஈவென்ட் வியூவர். எப்பெப்ப விழுந்தேன், எப்படி விழுந்தேன்னு எல்லாத்தையும் இதுல அதுவே எழுதிக்கும். ஒருத்தர் திட்டினாலும் எழுதும், திட்டாட்டியும் எழுதும்.

செயலாளர்: இவ்வளவு நாள் எழுதிக்கொண்டா இருந்தது?

அக்கா: ஆமா. ஆனா போன வாரத்துலேருந்துதான் இருக்கு. அதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் மொட்டையோட போச்சு. தலைவலிக்கு வைத்தியம் பாக்கறேன்னு வந்தவன் மூணு தடவையும் சாட்சியைத்தான் அழிச்சிருக்கான். அதுக்குக் கூலியும் வாங்கியிருக்கான்.

செயலாளர்: சரி, மிச்சம் என்ன சொல்கிறது?

அக்கா: கெர்னல்-பவர் 41. திரும்பத் திரும்ப அதே வரி. ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம எழுந்திருக்கேன்னு அர்த்தம். அதுக்குள்ள போய்ப் பார்த்தா 'பக்செக் கோடு'ன்னு இருக்கும். விண்டோஸ் தானா தடுக்கி விழுந்திருந்தா அதுல பெரும்பாலும் ஒரு நம்பர் வந்து உக்காரும். இங்க வரிசையா பூஜ்யம்.

செயலாளர்: பூஜ்யம் என்றால் தவறு இல்லை என்றுதானே?

அக்கா: எழுதறதுக்கே அதுக்கு நேரம் கெடைக்கலைன்னு அர்த்தம். பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி கரண்டு போயிருக்கு. வைரஸ் இல்ல, சந்தி வேளைக் காத்து கருப்பு இல்ல. இப்ப இந்த வரியைப் பாருங்க, 6008. இதுக்கு முந்தி எத்தனை மணிக்கு அணைஞ்சேன்னு சொல்லும். சாயங்காலம் 6:01. அதுக்கு மொத நாள் 6:02. அதுக்கு மொத நாள் 6:01. காலையிலயும் ரெண்டு இருக்கு, அதுவும் ஆறு மணி ரெண்டு நிமிஷம்.

செயலாளர்: அதைத்தான் ஜோசியரும் சொன்னார். ஆறு மணி...

அக்கா: சார், உங்க பின்னாடி செவுத்துல ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கே, அதைக் கொஞ்சம் படிங்க.

செயலாளர்: (பெருமிதத்துடன்) 'மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் தினமும் காலை 6.00 மணிக்கும் மாலை 6.00 மணிக்கும் தவறாது இயக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.'

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.)

செயலாளர்: வாட்ச்மேன் ஒரு நிமிடம் தாமதமாகத்தான் போடுகிறான் என்று தெரிகிறது. விளக்கம் கேட்க வேண்டும்.

அக்கா: காயில் கட்டறதுதான் சார் எனக்குப் பொழப்பு, மோட்டார் புத்தி எனக்குத் தெரியும். ஓடறப்ப இழுக்கற கரண்டை விட, எழுந்திருக்கறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு கணம் கட்டிடம் பூராவும் வோல்டேஜ் குனியும். உங்க ஹால் டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. அந்தச் சிமிட்டுக்குள்ள இந்தப் பெட்டி படுத்துருது.

செயலாளர்: அதற்குத்தானே யூபிஎஸ் இருக்கிறது!

அக்கா: அதுக்குத்தான் இருக்கு. அதுவும் ஒழுங்கான யூபிஎஸ்னா 10 மில்லி வினாடிக்குள்ள பேட்டரிக்கு மாறிரும். உள்ள இருக்கற எஸ்எம்பிஎஸ்ங்கற பவர் சப்ளை நல்லதா இருந்தா, கரண்டே இல்லாம 16 மில்லி வினாடி தம் புடிக்கும். அப்ப ரெண்டுக்கும் நடுவுல கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியக் கூடாது. தெரியுதுன்னா இந்த யூபிஎஸ்ஸைத்தான் கேக்கணும். டேபிள் லைட்டை இதுல மாட்டறேன். இப்ப செவுத்து பிளக்கைப் புடுங்கறேன். பாத்தீங்களா?

செயலாளர்: விளக்கு அணைந்துவிட்டது.

அக்கா: உடனே அணைஞ்சுது. பேட்டரி செத்து நாளாச்சு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. உசிரோட இருந்தா மீட்டர்ல 12.7 பக்கம் காட்டணும், பத்தைக்கூடத் தொடலை. உப்பிப் போய் தட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, வெளிய வர மாட்டேங்குது. ஸ்டிக்கர்ல 2018-னு இருக்கு. மூணு வருஷம் ஓடினாலே இதுக்கு மகராசன் ஆயுசு. சாகறதுக்கு முன்னாடி இது கத்தியிருக்குமே சார்? கீ கீன்னு?

செயலாளர்: கத்தியது. ஒரு மாதம் ஓயாமல் கத்தியது. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. உறுப்பினர்கள் புகார் எழுதினார்கள். அதன் மீதும் நடவடிக்கை எடுத்தோம்.

அக்கா: என்ன நடவடிக்கை?

செயலாளர்: எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சத்தம் போடுகிற பாகத்தை வெட்டி எடுத்துவிட்டோம். அன்றோடு புகார் நின்றது.

(அக்கா யூபிஎஸ்ஸின் மூடியைத் திறந்து காட்டினார். பஸர் இருந்த இடத்தில் இரண்டு கம்பி முனைகள் மட்டும் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. சுத்தமான வெட்டு. அந்த எலக்ட்ரீஷியன் தொழில் தெரிந்தவர்தான்.)

அக்கா: கம்ப்யூட்டர் எப்பலேருந்து அணைய ஆரம்பிச்சுது?

செயலாளர்: அதற்கு அடுத்த வாரம் இருக்கும். தற்செயல்.

அக்கா: பேட்டரி போச்சு பேட்டரி போச்சுன்னு வாய்விட்டுக் கத்தினதோட நாக்கை அறுத்தாச்சு. நடந்ததை உக்காந்து எழுதிவெச்ச நோட்டை மூணு தடவை எரிச்சாச்சு. அப்புறம் கூட்டம் போட்டு வைரஸ்னு ஏகமனதா முடிவு பண்ணியாச்சு. ஏன் சார், உங்க எல்லாருக்கும் கோளாறு நிக்கணுமா, புகார் நிக்கணுமா?

செயலாளர்: இரண்டும் ஒன்றுதானேம்மா?

அக்கா: ...

செயலாளர்: சரி, சரி. மோட்டார் நேரத்தை 6.15-க்கு மாற்றிச் சுற்றறிக்கை விட்டுவிடுகிறேன். பிரச்சினை முடிந்தது.

அக்கா: கம்ப்யூட்டர் 6:16-க்கு அணையும்.

செயலாளர்: ஆறு மணிக்கு அணையாது அல்லவா? அறிக்கையில் அதைக் குறிப்பிடலாம்.

அக்கா: அதை விடுங்க. ஹார்டு டிஸ்க்ல 'சி' டிரைவ் ஒண்ணுதான் தெரியுது. முன்னாடி எத்தனை இருந்துச்சு?

செயலாளர்: 'டி' என்று ஒன்று இருந்தது. பையன் அதையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டான். தாராளமாக இடம் இருக்கும் என்றான்.

அக்கா: அதுல என்ன வெச்சிருந்தீங்க?

செயலாளர்: சங்கக் கணக்கு. அதற்கு அச்சுப் பிரதி இருக்கிறது. பிறகு... வீட்டுப் போட்டோக்கள். பேரன் பிறந்ததிலிருந்து. என் மனைவி வருஷவாரியாகப் பெயர் போட்டு வைத்திருந்தாள்.

அக்கா: வேற எங்கயாவது காப்பி இருக்கா?

செயலாளர்: இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா: (திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு) கேளுங்க சார். விண்டோஸை மாத்திப் போடணும்னா 'சி'யை மட்டும் தொட்டாப் போதும். 'டி' மேல கை வைக்கவே வேணாம். அதைக்கூட அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரலை. டிரெய்னிங் சென்டர்ல பணத்தைக் கட்டச் சொல்லி, ஒரு சிடியைக் கையில குடுத்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கக் கத்துக்குடுத்து, கோட்டு போட்ட ஒருத்தர் கையால சான்றிதழ் வாங்கி போட்டோ புடிச்சு அனுப்பிட்டாங்க. மல்டிமீட்டர்னு ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. அவனை நான் திட்ட மாட்டேன். அவனைப் படிக்க வெச்சது யாரோ ஒரு அம்மா, நகையை வெச்சு. அந்த நகையைத் தின்னவனைத்தான் திட்டணும். அவன் இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல 'நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்'னு போர்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், அவனுக்கு எந்த மொட்டையும் கெடையாது. போனது யாரோட தலைமுடி? வருஷம் வருஷமா பேர் போட்டு எடுத்து வெச்சாங்களே, உங்க வீட்டு அம்மா, அவங்களோடது.

செயலாளர்: மீட்க முடியாதா?

அக்கா: அது மேல வேற எதுவும் எழுதாம இருந்தா கொஞ்சம் மீட்கலாம். அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு, அதே வேலையாச் செய்யற ஆளுங்களும் இருக்காங்க. மூணு தடவை விண்டோஸை ஏத்தியிருக்கீங்க, அதனால எவ்வளவு தேறும்னு வாக்கு குடுக்க மாட்டேன். இனிமே இந்த டிஸ்க்ல ஒரு கடிதம்கூட அடிக்காதீங்க. கழட்டித் தனியா எடுத்து வைங்க. முதல்ல வீட்டுல அம்மாகிட்ட சொல்லுங்க.

செயலாளர்: சுற்றறிக்கையாகவா?

அக்கா: வாயால சார்.

(அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். போகவில்லை. பேச்சை மாற்றுவதில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம்.)

செயலாளர்: ஆக மொத்தம் செலவு என்ன?

அக்கா: புது பேட்டரி, ஒரு பஸர். பஸர் சில்லறைக் காசு. பாத்ததுக்கு 300.

செயலாளர்: பார்த்ததற்கா? பார்ப்பதற்கு யாராவது காசு கேட்பார்களா? அந்தப் பையன் பார்க்கவே இல்லையே!

அக்கா: அதனாலதான் அவன் கேக்கலை. அவன் அழிச்சதுக்கு வாங்கினான், நீங்க மூணு தடவை சந்தோஷமா குடுத்தீங்க. ஒருத்தி உக்காந்து, எப்ப, எங்க, எதனாலன்னு பாத்தா மட்டும் ஊர்ல எவனுக்கும் கை பைக்குள்ள போக மாட்டேங்குது. அப்புறம் எவன் சார் பாப்பான்?

செயலாளர்: கோபப்படாதேம்மா. பணம் பெரிதில்லை, தணிக்கைதான் பிரச்சினை. சங்கத்தின் பட்ஜெட்டில் கணினி பராமரிப்புக்கு ஒரே தலைப்புதான் இருக்கிறது: 'பார்மட் செலவு'. பேட்டரிக்குத் தலைப்பு இல்லை. பஸரை நீக்கச் செலவு செய்த தலைப்பிலேயே பஸரைப் பொருத்தவும் முடியாது. பில்லில் 'நான்காவது பார்மட்' என்று எழுதிக் கொடுத்துவிடேன்.

அக்கா: பேட்டரின்னுதான் எழுதுவேன். பஸர்னுதான் எழுதுவேன். பாத்ததுன்னும் ஒரு வரி எழுதுவேன். இஷ்டம் இல்லைன்னா சொல்லுங்க, தூசியை அள்ளி உள்ளயே போட்டு மூடிட்டுப் போறேன்.

செயலாளர்: (நெடுநேரம் யோசித்துவிட்டு) 'பேட்டரி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பார்மட் வகை' என்று போடலாமா?